ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: ருசியா, பழக்கதோஷமா?

கல்லுச்சுவர்:
1999-இல் வந்த இந்தக் கம்ப்யூட்டர் வியூக ஆட்டத்தை இன்னமும் தினம் ஒரு மேட்ச் ஆடுகிறேன். மூன்றாம் பாகம் 2005-இல் வந்தது, நான்காவது 2021-இல். இரண்டையும் வாங்கினேன், ஆனாலும் மனசு இரண்டாவதை விட்டு நகரவில்லை. இழுப்பது சண்டை இல்லை, முதல் பத்து நிமிடம்தான். கையில் மூன்று வில்லேஜர் (ஊர் வேலையாட்கள்), ஒரு குதிரைக்காரன், 200 உணவு. ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 விநாடி. வில்லேஜரை உருவாக்கும் டவுன் சென்டர் கட்டடம் ஒரு கணம் சும்மா இருந்தாலும் எனக்குக் கை பரபரக்கும். வெறுங்காட்டில் ஓர் ஊர் எழும்புவதைப் பார்ப்பது தனி சுகம்.

செர்க் கூட்டம்:
எனக்குக் கொட்டாவி வருவதும் அதே பத்து நிமிடத்தில்தான். உணவுக்காக ஆட்டுக்கு ஆறு பேர், மரம் வெட்ட நாலு பேர், காட்டுப் பன்றியை இழுத்துவர ஒருத்தர். யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். இது வியூகமா, வாய்ப்பாடா? 1998-இலேயே ஸ்டார்கிராஃப்ட் என்ற இன்னொரு வியூக ஆட்டம் மூன்றே இனங்களை வைத்து என்ன செய்தது பாருங்கள். டெர்ரான் இனத்தின் கட்டடம் எழும்பிப் பறக்கும். செர்க் இனம் கட்டடம் கட்டினால் கட்டிய ட்ரோனே, அதாவது வேலையாளே, காலி. இங்கே நாற்பதுக்கு மேல் நாகரிகம் இருந்தும் எல்லாருக்கும் அதே வில்லேஜர், அதே அரிசிச்சோறு.

கல்லுச்சுவர்:
மனப்பாடம் பன்றி வரும் வரைதான் ப்ரோ. மேப் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகிறது. நேற்று எனக்கு இரண்டாவது பன்றி காட்டுக்குப் பின்னால் இருந்தது. ஓர் ஆளை அனுப்பி அம்பு விட்டுத் திருப்பினேன். அது துரத்துகிறது, இவன் டவுன் சென்டரைப் பார்த்து ஓடுகிறான். அந்த நேரம் பார்த்து எதிராளியின் ஸ்கவுட், அதான் வேவு பார்க்கும் குதிரைக்காரன், என் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிறான். அதைப் பார்க்கப் போன மூன்று விநாடியில் ஆள் மரத்தில் முட்டி நின்றுவிட்டான். வில்லேஜருக்கு உயிர் 25, பன்றி ஒரு முட்டுக்கு 7. கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வாய்ப்பாட்டில் இது இருக்கிறது?

மரவெட்டி:
"எல்லாருக்கும் ஒன்றே" என்பது தப்பு. 2022-இல் இந்தியர் என்ற ஒரே நாகரிகத்தைப் பிரித்தார்களே, அதில் வந்த திராவிடரை ஆடிப் பாருங்கள். நைட் குதிரைப்படையே கிடையாது. நைட்டை நம்பிப் பழகியவன் முதல் நாள் திண்டாடுவான். பதிலுக்குச் சுருள்வாள் ஏந்தும் உருமி வீரன், அப்புறம் எதிரியின் கவசத்தையே மதிக்காமல் வெட்டவைக்கும் வூட்ஸ் எஃகு என்ற தொழில்நுட்பம். ராஜேந்திர சோழன் கதையை ஆடும் கேம்பெய்ன் வேறு. ஆளைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான். முதல் தடவை கேட்டதும் மேட்சை மறந்து பத்துத் தடவை கிளிக் செய்தேன், தோற்றேன்.

செர்க் கூட்டம்:
தமிழ் கேட்பது எனக்கும் சந்தோஷம்தான். அதற்காக ஆட்டம் நல்லதாகிவிடுமா? சரி, நைட் இல்லாதது மெய்யான வித்தியாசம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களில் பாதிப் பேருக்கு இது பிரவுசிங் சென்டர் ஞாபகம். சீட் கோட் (குறுக்குவழிச் சொல்) போட்டு, துப்பாக்கி சுடும் கோப்ரா காரை வரவழைத்து யானைப்படையைச் சுட்ட வயசு திரும்ப வராது, அதனால் ஆட்டத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கல்லுச்சுவர்:
ஞாபகம் மட்டும்தான் காரணம் என்றால் ஒரு வாரத்தில் சலித்திருக்கும். அந்தக் காலத்து ஆட்டம் எத்தனையோ திரும்ப இறக்கிப் பார்த்து அன்றைக்கே அழித்திருக்கிறேன்.

புதுக்குடிசை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். போன வாரம்தான் ஆரம்பித்தேன். வில்லேஜரின் உயிரைக் கூட்டும் லூம் மேம்பாட்டை எப்போது போட வேண்டும்?

கல்லுச்சுவர்:
பன்றிக்கு முன்னால் போட்டுவிடுங்கள். 50 தங்கம்தானே, ஆள் பிழைப்பான்.

செர்க் கூட்டம்:
தப்பு. அவ்வளவு சீக்கிரம் போட்டால் ஒரு வில்லேஜர் பிந்திவிடும். அடுத்த யுகமான ஃப்யூடலுக்குப் போகும் பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன்னால் போடுங்கள். பன்றியை ஒழுங்காக இழுக்கத் தெரிந்தால் ஆள் சாக மாட்டான்.

மரவெட்டி:
கொட்டாவி விடுகிற ஆளுக்கு இவ்வளவு விவரமா?

செர்க் கூட்டம்:
தம்பி கேட்டார், சொன்னேன்.