வளவு வாசலில் கட்டிய திரை: காரைக்குடிப் பக்கத்து அனிமே விழா தேறியதா?

தேவகோட்டை ரஸ்தா:
சென்ற ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி அருகே ஒரு பழைய நகரத்தார் வீட்டில் நடந்த அனிமே, அதாவது ஜப்பானிய அசைவோவியப் பட விழாவுக்குப் போயிருந்தேன். டிக்கெட் 250 ரூபாய். மழுப்பாமல் சொல்கிறேன், அதை விழா என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. காலை பத்து மணிக்குத் திரையிடல் என்று நோட்டீஸில் இருந்தது. திரையை எங்கே கட்டினார்கள் தெரியுமா? வளவு வாசலில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில். மேலே திறந்த வானம், சித்திரை வெயில். ப்ரொஜெக்டர் பாவம் என்ன செய்யும்? கதாநாயகன் வாள் வீசியது காதில் மட்டும் கேட்டது. கடைகள் என்று ஆறு மேசை. அவற்றில் நான்கில் ஒரே சாவிக்கொத்து, ஒரே ஸ்டிக்கர், அத்தனையும் உரிமம் இல்லாத நகல். ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸ் சூப் உண்டு என்றார்கள். இருந்தது கோப்பை நூடுல்ஸ், அதுவும் ஒரு மணிக்குள் தீர்ந்துவிட்டது. இந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஒரு முறை போய் வருவது மேல்.

தேன்குழல்:
முகப்பில் உட்கார்ந்து உங்கள் டிக்கெட்டைக் கிழித்தவள் நான்தான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள். திரை விஷயத்தில் தவறு எங்களுடையது. முந்தின நாள் இரவில் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று தூங்கப் போனோம். ஆனால் மாலை ஆறரைக்கு அதே படத்தை மறுபடி போட்டோம். நீங்கள் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டீர்கள்.

அந்த வீட்டுக்குப் பங்காளிகள் பதினோரு பேர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் நின்று சம்மதம் வாங்கினோம். ஒரே நிபந்தனை விதித்தார்கள்: சுவரில் ஆணி கூடாது, பசைநாடா கூடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர். ஒரு சில்லு பெயர்ந்தால் அதே போல் பூச இன்றைக்கு ஆள் தேட வேண்டும். அதனால்தான் படங்களையெல்லாம் தூணுக்குத் தூண் கயிறு கட்டித் துணி காயப்போட்டது போல் தொங்கவிட்டோம். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். சிரிக்கட்டும்.

சின்னதாக இருப்பது குற்றமா? ரசிகர்கள் தாங்களே வரைந்த புத்தகங்களை விற்கும் டோக்கியோவின் காமிக் மார்க்கெட் சந்தை 1975 டிசம்பரில் தொடங்கியபோது மொத்தம் 32 குழுக்கள், வந்தவர்கள் சுமார் 700 பேர். இன்று அங்கே லட்சக்கணக்கில் கூடுகிறார்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
டோக்கியோவைக் காட்டாதீர்கள். அந்த 32 குழுக்களும் சொந்தமாக வரைந்து அச்சடித்துக்கொண்டு வந்தவர்கள். உங்கள் நான்கு மேசைக்காரர்கள் மொத்த விலைக் கடையில் மூட்டையாக வாங்கி வந்தவர்கள். அங்கே விதை இருந்தது, இங்கே உமி இருக்கிறது.

இன்னொன்று. மேடையில் முதல் பரிசு பெற்ற பெண், ‘டீமன் ஸ்லேயர்’ அனிமேயின் நாயகன் தான்ஜிரோ வேடம் என்று அறிவித்தார்கள். தான்ஜிரோவின் மேலங்கி பச்சையும் கறுப்புமான சதுரக் கட்டம். அவர் அணிந்திருந்தது அரக்குச் சிவப்பும் மஞ்சளும். காஸ்பிளேயில், அதாவது கதாபாத்திரம் போல் வேடமிடுவதில், நிறமே தவறிவிட்டால் பிறகு எதற்கு மதிப்பெண்?

ஆச்சியின் பெட்டகம்:
அந்தப் பெண் நான்தான். அது எங்கள் ஆச்சி கட்டிய கண்டாங்கிச் சேலை. பெட்டகத்தில் கிடந்து மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. நன்றாக இருந்த பகுதியை மட்டும் வெட்டி மேலங்கியாகத் தைத்தேன். பச்சைத் துணி கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். கட்டம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது கண்டாங்கி, அவ்வளவுதான். முகத்தழும்பு, காதணி, வாள் உறை எல்லாம் கதையில் உள்ளபடியே செய்தேன். அதை ஏன் நீங்கள் எழுதவில்லை?

தேவகோட்டை ரஸ்தா:
தழும்பு நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டம் எல்லாம் ஒரே கட்டம் அல்ல. தான்ஜிரோவுடையது இச்சிமாட்சு, சதுரங்கப் பலகை மாதிரி நிறம் மாறி மாறி வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் சானோகாவா இச்சிமாட்சு என்ற கபுகி (ஜப்பானிய மரபு நாடகம்) நடிகர் உடுத்திப் பிரபலமானதால் அந்தப் பெயர். கண்டாங்கியில் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். இரண்டும் வேறு.

ஆச்சியின் பெட்டகம்:
ஒரு நடிகர் தன் விருப்பத்துக்கு உடுத்தியதால்தான் அதற்குப் பெயரே வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் உடுத்தினால் மட்டும் மதிப்பெண் குறைப்பீர்களா?

மூன்றாம் கட்டு:
வயதில் மூத்தவன் என்பதால் இரண்டு பக்கமும் திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு அனிமே என்றால் அவள் சொல்லித் தெரிந்ததுதான். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கம்பன் விழா. சா. கணேசன் 1939இல் தொடங்கி வைத்தது. சின்ன வயதில் என் அப்பச்சி கையைப் பிடித்துக்கொண்டு போவேன். ஒரு பாட்டுக்கு இரண்டு அறிஞர்கள் அடித்துக்கொள்வார்கள், சபை முழுவதும் வாயைப் பிளந்து கேட்கும். நம் பிள்ளைகளும் அனிமேயைத் தமிழ்க் குரலில் பார்ப்பது உயர்ந்ததா, ஜப்பானியக் குரலோடு அடியில் ஓடும் எழுத்தைப் படித்துப் பார்ப்பது உயர்ந்ததா என்று இரண்டாங்கட்டில் ஒரு மணி நேரம் மோதினார்கள் பாருங்கள், அதே சூடு. ரஸ்தா தம்பி, அதைக் கேட்காமல் நூடுல்ஸ் தேடிக்கொண்டிருந்தீர்களே!

இப்போது தேன்குழலுக்கு. ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து எடுத்த ராமாயண அனிமே ஒன்று உண்டு. யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் இயக்கத்தில் பங்கு கொண்டது. 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு திரையரங்குக்கே வந்தது. கம்பன் விழா நடக்கும் ஊரில் அனிமே விழா வைத்துவிட்டு அதை விட்டுவிட்டீர்களே, இது என்ன கணக்கு?

தேன்குழல்:
ஐயா, யோசித்தோம். முழுப் படத்தைப் பொதுவில் காட்ட உரிமையாளரிடம் எழுதி வாங்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். எங்கள் கையில் அவ்வளவு இல்லை.

தேவகோட்டை ரஸ்தா:
அப்படியானால் வெயிலில் போட்ட அந்தப் படத்துக்கு எழுதி வாங்கினீர்களா?

தேன்குழல்:
இல்லை.

தேவகோட்டை ரஸ்தா:
அவ்வளவுதான் என் கேள்வி. சாவிக்கொத்துக்காரரை மட்டும் நான் திட்டியது தவறு.

தேன்குழல்:
குத்துங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறில் மிச்சம் இரண்டு மேசையைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. ஒன்றில் கல்லூரி மாணவி ஒருவர் தானே வரைந்த பதினாறு பக்கக் கதைப் புத்தகம் வைத்திருந்தார். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறையில் ஒரு பேய். கண்ணாடிப் பலகை மேல் சாயம் ஊற்றும்போது அதில் தெரிய வேண்டிய முகம் தெரியாமல் வேறு முகம் தெரியும். நாற்பது பிரதி கொண்டு வந்து முப்பத்தொன்று விற்றார், ஒன்று 60 ரூபாய். உமி என்றீர்கள்.

கூட்டம் சின்னது என்பதால் குரல் எட்டாது என்றும் நினைக்காதீர்கள். 2019இல் ஜப்பானிய இயக்குநர் மகோதோ ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ அனிமே இந்தியத் திரையரங்குகளுக்கு வந்ததே, அது இங்குள்ள ரசிகர்கள் 50,000-க்கும் மேல் கையெழுத்திட்டுக் கேட்டதால்தான். பெரிய ஊர்க்காரர்கள் மட்டுமா போட்டிருப்பார்கள்?

இளகிய கவசம்:
யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே வருகிறேன். தோள்கவசம் கழன்று தொங்க அலைந்தவன் நான். ரப்பர் பசை வெயிலுக்கு இளகிவிட்டது. அந்த வீட்டு ஆச்சி கூப்பிட்டு உட்கார வைத்து, கோணி ஊசியும் சணல் நூலும் எடுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். “இது என்ன சாமி வேடமாப்பா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு தட்டு வெள்ளைப் பணியாரமும் வந்தது. பெங்களூரில் இரண்டு முறை போயிருக்கிறேன். அரங்கு குளிரூட்டியது, கவசம் கழலவில்லை, யாரும் என்னோடு பேசவும் இல்லை. ஆனால் ரஸ்தா சொன்னதில் ஒன்று சரி. மின்விசிறி போதவில்லை. விக்குக்குள் தலை வெந்துவிட்டது.

தேவகோட்டை ரஸ்தா:
பணியாரம் கொடுத்தார்களா? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே.

அந்தப் பேய்க்கதைப் புத்தகத்தில் மிச்சம் ஒன்பது பிரதி இருக்குமே, ஒன்று எனக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். திரையிடலை அடுத்த முறை ஆறரைக்கே வைத்தால், முடிந்த பிறகு எனக்குத் தேவகோட்டைக்குப் பஸ் கிடைக்குமா?

இளகிய கவசம்:
எங்கள் வேன் அந்த வழியாகத்தான் போகும். ஒரு இடம் இருக்கிறது. ஆனால் கவசத்தை நீங்கள் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.