புதுப்பிப்பு: திருப்பூர் ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதம்

சி.ஏ. இன்டர் (ஆடிட்டர் படிப்பின் நடுக்கட்டத் தேர்வு) இரண்டு குரூப்பும் தேறியபின், ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு, அதாவது ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சிக்கு, சென்னையில் பெரிய நிறுவனமா, ஊரிலேயே சின்ன ஆபீஸா என்று கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் சென்னை என்றீர்கள். நான் திருப்பூரில் சேர்ந்தேன். 2023 விதிகளின்படி பயிற்சி இப்போது இரண்டே வருடம். அதற்குள் எல்லா வேலையிலும் கை வைக்க வேண்டும் என்பதே காரணம்.

போன மாதம் ஒரு பனியன் கம்பெனி அண்ணன் நூல் பில் ஒன்றோடு வந்தார். 38,000 ரூபாய் வரி கட்டி வாங்கியது. ஆனால் ஜிஎஸ்டிஆர்-2பியில், அதாவது விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து வாங்கியவருக்கு ஜிஎஸ்டி தளத்தில் வரும் பட்டியலில், அந்த பில் இல்லை. அதில் வராத உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரி) நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. நூல் வியாபாரியின் கணக்காளரிடம் நானே பேசினேன். அவர்கள் பதிந்த அண்ணனின் ஜிஎஸ்டி எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. அடுத்த ஜிஎஸ்டிஆர்-1ல் (விற்பனைக் கணக்குத் தாக்கல்) திருத்தினார்கள், பில் வந்துவிட்டது. அது போன நிதியாண்டு பில். பொதுவாக நவம்பர் 30 தாண்டினால் அந்தப் பணம் போனதுதான். "தம்பி, ரெண்டு பேரோட ஒரு மாசச் சம்பளங்க இது" என்றார் அவர். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

குறையும் உண்டு. பெரிய கம்பெனி தணிக்கை இங்கே கிடைக்காது. ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளான 11, 20 தேதிகளையொட்டி வீடு திரும்ப இரவு பத்தாகிறது. சி.ஏ. ஃபைனல் தேர்வுக்கு விடியற்காலையில்தான் படிக்கிறேன்.

அந்த அண்ணன் இப்போது நூல் வாங்கும் முன்பே போன் செய்கிறார்.