பண்ணை விலங்குகளின் ஊடாட்டம்: கலைச்சொல் பரிந்துரை

வணக்கம்.

பண்ணை விலங்குகள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பதைக் கேமராப் படங்களிலிருந்து கணினியால் அறியும் துறைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. அதற்கு 'மந்தைக் கண்காணிப்பு' போதாது என்பதுதான் என் கருத்து. மேய்ப்பவர் காலங்காலமாகச் செய்வதும் அதுதான், கழுத்துப்பட்டையில் கட்டிய உணரி செய்வதும் அதுதான். கேமராவையும் கணினிப் பார்வையையும் வைத்து இப்போது தேடுவது எந்தப் பசு எதை நக்கிக்கொடுக்கிறது, தீவனத் தொட்டியிலிருந்து எது எதை முட்டி விலக்குகிறது, எது வந்தால் எது ஒதுங்கிப்போகிறது என்பதை. இரண்டு விலங்குகளுக்கு இடையே நடப்பது சொல்லுக்குள் வந்தாக வேண்டும்.

'சமூக நடத்தை' பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் மென்பொருளுக்கு முதலில் தெரிவது நடத்தை அல்ல, படச்சட்டகத்தில் விலங்குகளைச் சுற்றி அது வரையும், நெருங்கி நிற்கும் இரண்டு கட்டங்கள், அவ்வளவுதான். தொட்டியில் இரண்டு பசுக்கள் ஒட்டி நிற்பது அங்கே தீவனம் இருப்பதாலும் இருக்கலாம். அதை நட்பு என்று கணக்கில் ஏற்றினால் எது எதோடு பழகுகிறது என்று காட்டப் பின்னால் வரையும் உறவு வலையமைப்பே பிழையாகிவிடும். அதனால்தான் 'அண்மை', 'ஊடாட்டம்' இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். அண்மையைத் தூரத்தைக் கொண்டு அளந்துவிடலாம். ஊடாட்டத்துக்கோ தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எது முதலில் அசைந்தது, மற்றது பின்வாங்கியதா அல்லது கழுத்தை நீட்டிக் கொடுத்ததா என்று தலை, கழுத்து, முதுகுப் புள்ளிகளைச் சட்டகம் சட்டகமாகத் தொடர்ந்து பார்த்தால்தான் தீர்மானிக்க முடியும்.

சிலருக்குப் பிடித்த 'உறவாடல்' அழகான சொல்தான், ஆனால் இணக்கத்தின் பக்கம் சாய்கிறது. பன்றி பன்றியின் வாலைக் கடிப்பதை உறவாடல் என்று எப்படி எழுதுவது? அந்த வால்கடி தொடங்கும் முன்பே பன்றிகள் வாலைத் தாழ்த்திக்கொள்வது கூடுகிறது, முப்பரிமாணக் கேமராவால் அதைக் கண்டறியலாம் என்று 2018இல் ஆய்வு வந்துவிட்டது. இந்தத் துறையின் முக்கியமான பயனே இப்படிச் சண்டையை முன்கூட்டி அறிவதுதான். 1920களின் தொடக்கத்தில் நார்வே விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பெ கோழிகளிடம் விவரித்த 'கொத்து வரிசை'யும் (எது எதைக் கொத்தலாம் என்ற மேல்கீழ் வரிசை) மோதலில் பிறந்த ஒழுங்குதானே. நக்கிக்கொடுப்பதும் கொத்துவதும் சேர்ந்து அடங்க 'ஊடாட்டம்' பொருந்துகிறது. 'மனிதர்-கணினி ஊடாட்டம்' என்று வேறிடத்தில் புழங்குவது தடையாகத் தெரியவில்லை, அங்கேயும் இருவருக்கு இடையிலான வினைதான்.

சரி, முழுச்சொல்: 'காட்சிவழி ஊடாட்டக் கவனிப்பு'. 'கண்காணிப்பு' என்றதும் திருட்டைப் பிடிக்கும் கேமராதான் மனதில் வருகிறது. கவனிப்பில் பார்ப்பதும் உண்டு, பேணுவதும் உண்டு. 'மந்தை'யை விட்டுவிட்டேன், கோழிக்கு அது ஒட்டாது, ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதை ஊடாட்டமே சொல்லிவிடுகிறது.

அப்புறம் இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். இரண்டு பன்றிகள் ஒன்றையொன்று மறைத்துக் கடக்கும்போது, ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண் கொடுத்துத் தொடரும் தடமறியும் நிரல் சில நேரம் முதலாவதன் எண்ணை இரண்டாவதற்குப் போட்டுவிடும், அதன்பிறகு கடித்தது எது, கடிபட்டது எது என்பதே தலைகீழாகிவிடும். இதை 'அடையாள மாற்றம்' என்றால் வேண்டுமென்றே மாற்றியது போல இருக்கிறது. 'அடையாளப் பிறழ்வு' என்று வைக்கலாம். மாற்று இருப்பவர்கள் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள், வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும்.