காட்பாடியிலிருந்து 2 நாள் வாடகைக் கார் பயணம்: ஏலகிரி, காவலூர், சோளிங்கர்... எதை விடுவது?

காந்திநகர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனி, ஞாயிறு குடும்பத்தோடு காரில் சுற்றி வரலாம் என்று இருக்கிறோம். சொந்தக் கார் இல்லை, வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். நான், மனைவி, 8 வயது மகள், அப்பா, அம்மா என ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, பத்துப் படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவார்.

பட்டியலில் இருப்பவை: ஸ்ரீபுரம் பொற்கோயில், ஏலகிரி, காவலூர் வானாய்வகம், சோளிங்கர். சோளிங்கர் நரசிம்மரைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. காவலூர் மகளுக்காக, சனிக் கோளின் வளையத்தை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஏலகிரி என் மனைவி கேட்டது.

குழப்பம் இரண்டு. நாலு இடமும் இரண்டு நாளில் அடங்குமா? அப்புறம், கார். தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தக் காரை நாளுக்கு 1,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். நாமே ஓட்டிக்கொள்கிற செல்ஃப் டிரைவ் கடையில் வாடகை அதைவிட அதிகம். அதற்கு மேல் முன்பணம், நாளுக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்ற வரம்பு வேறு. எனக்கு லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஊருக்குள்ளும் சென்னை சாலையிலும் ஓட்டியிருக்கிறேன், மலைப்பாதையில் ஓட்டியதில்லை.

மஞ்சள்பலகை:
சார், நான் வேலூரில் டாக்ஸி ஓட்டுகிறவன். முதலில் அந்த 1,500 ரூபாய் காரை விட்டுவிடுங்கள். வெள்ளை நம்பர் பலகை உள்ள சொந்தக் காரை வாடகைக்கு விடவே கூடாது. வழியில் யாரும் பிடிக்காமல் போகலாம். ஆனால் ஒரு விபத்து நடந்தால், வாடகைக்கு ஓடிய வண்டி என்று தெரிந்ததும் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். எதிரில் வந்தவருக்கு அடிபட்டிருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையிலும் வண்டிக்காரர் தலையிலும் விழும். தெரிந்தவர் வேறு, உறவும் கெட்டுப்போகும்.

செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். டிரைவரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து. இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். நம்பரை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸும் எஃப்சியும் (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை என்று தெரிந்துவிடும், ஒரு நிமிட வேலை.

பாலாற்றங்கரை:
கார் விஷயத்தில் மேலே அண்ணன் சொன்னதே சரி. நான் ஊர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்ரீபுரத்தை இன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். திருமலைக்கோடி வேலூரிலிருந்து 8 கிலோமீட்டர் தானே? உள்ளே அந்த நட்சத்திர வடிவப் பாதையைச் சுற்றி நடந்து, வரிசையில் நின்று வெளியே வர அரை நாள் போய்விடும். காட்பாடியில் இருக்கிற உங்களுக்கு அது பஸ்ஸில் போகிற இடம், வாடகைக் காரின் அரை நாளை அங்கே செலவிட வேண்டாம்.

மிச்சம் மூன்று. இதில் ஏலகிரியும் காவலூரும் வாணியம்பாடிப் பக்கம், சோளிங்கர் நேர் எதிர்த்திசையில் ராணிப்பேட்டை மாவட்டம். ஆக ஒரு நாள் மேற்கு, ஒரு நாள் கிழக்கு. மேற்கு நாளில் இரண்டு மலையையும் சேர்க்கப் பார்க்காதீர்கள். மேப்பில் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, மறுபடி ஆலங்காயம் போய் ஜவ்வாது மலை ஏற வேண்டும். குழந்தைக்கு வாந்தி வரும், அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஏலகிரியில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். காலையில் புங்கனூர் ஏரிப் பக்கம் நடந்தால்தான் போன திருப்தி. மத்தியானம் ஏறிச் சாயங்காலம் இறங்குவதில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் வண்டிகளுக்கு நடுவே, ஒன்றும் இல்லை.

ஆலங்காயம்_டீச்சர்:
தம்பி, காவலூர் போவதானால் அது சனிக்கிழமைதான். பொதுமக்களை அனுமதிப்பது அன்றைக்குத்தான், மற்ற நாளில் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தளத்தில் நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வானம் தெளிவாக இருக்கிற சனிக்கிழமை இரவுகளில் சின்னத் தொலைநோக்கி வழியாகக் காட்டுவார்கள். மேகம் மூடினால் அதற்கு வழியில்லை, பாப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மேகமாக இருந்தாலும் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. பெரிய கூண்டுக்குள் இருப்பது 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தது. அந்த இடத்தைத் தேடிப் பிடித்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். யுரேனஸ் கோளுக்கும் வளையம் உண்டு என்பது 1977 மார்ச் 10 அன்று தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் நான் ஒரு வருடமும் விடுவதில்லை. வளையத்தைத் தேடி வரும் உங்கள் மகளிடம் வழியிலேயே சொல்லுங்கள், உள்ளே போனதும் அவளே கேள்வி கேட்பாள்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆலங்காயத்துக்கு மேலே காட்டுப்பாதை. வளைவுகள் உண்டு, தெருவிளக்கு கிடையாது, ராத்திரியில் மாடு குறுக்கே நிற்கும். மலை ஓட்டிப் பழகாதவர் இருட்டில் அதில் இறங்க வேண்டாம். சனிக்கிழமைக்கு டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்திநகர்வாசி:
டீச்சர், மிக்க நன்றி. அப்படியானால் செல்ஃப் டிரைவ் காரையே எடுத்து, சனிக்கிழமை மட்டும் ஒரு ஆக்டிங் டிரைவரை உட்கார வைக்கலாமா? வழியில் ஆம்பூர் பிரியாணியும் ஆகிவிடும் என்று அப்பா சொல்கிறார். ஆனால் சனிக்கிழமை வீட்டில் கவுச்சி கிடையாது என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார்.

மஞ்சள்பலகை:
ஆக்டிங் டிரைவர் வேண்டாம் சார். பல கடைகளின் ஒப்பந்தத்தில், யார் பெயரில் லைசென்ஸ் கொடுத்தீர்களோ அவர்தான் ஓட்ட வேண்டும் என்று இருக்கும். சனிக்கிழமை டாக்ஸி, ஞாயிற்றுக்கிழமை செல்ஃப் டிரைவ் என்று பிரித்துவிடுங்கள். காட்பாடியிலிருந்து காவலூர் போய்வர 200 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். வாடகை பேசும்போதே டிரைவர் பேட்டா, டோல், இரவுக் கூடுதல் எல்லாம் சேர்த்தா, தனியா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மேல் மலையிலிருந்து இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டிரைவர் முந்தைய ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து வருவார்.

பாலாற்றங்கரை:
அம்மா சொல்வதும் நியாயம்தான், ஆம்பூரை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். பதினோரு மணிவாக்கில் கிளம்பி வேலூர் கிரீன் சர்க்கிளைத் தாண்டிவிட்டால், முதல் நிறுத்தம் விரிஞ்சிபுரம் என்று வைக்கத் தோன்றும். ஆனால் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அதனால் ஒன்பதுக்கே கிளம்புங்கள். பள்ளிகொண்டா டோலுக்கு முன்னாலேயே திரும்ப வேண்டும். வலதோ இடதோ என்று தேட வேண்டாம், பலகை இருக்கும். கோயிலுக்குள்ளே வெயிலின் நிழலை வைத்து மணி பார்க்கிற கல் ஒன்று இருக்கிறது. ஒரு குச்சியை வைத்துப் பாப்பாவையே மணி சொல்லச் சொல்லுங்கள், சாயங்காலம் வானாய்வகம் போகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. அப்புறம் வாணியம்பாடியில் சாப்பாடு, ஆலங்காயம், காவலூர்.

நீவாநதி:
ஞாயிற்றுக்கிழமையை என்னிடம் விடுங்கள், நான் பொன்னை ஊர்க்காரன்.

அம்மாவின் முழங்காலுக்காக அதிகம் கவலை வேண்டாம். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. முன்பெல்லாம் முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள். 2024 மார்ச்சிலிருந்து ரோப் கார் ஓடுகிறது. காலையில் முதல் வேலையாக அங்கே போய்விடுங்கள், வெயில் ஏறினால் வரிசையும் ஏறும். கார்த்திகை மாத ஞாயிறு என்றால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். யோக நரசிம்மர் கண் திறக்கிற மாதம் என்று கூட்டம் அலைமோதும், அம்மாவால் நிற்க முடியாது. குரங்குகள் அதிகம், கையில் பை, பழம், கண்ணாடி எதையும் வெளியே தெரியும்படி வைக்க வேண்டாம்.

தரிசனம் முடிந்து வந்த வழியே திரும்பாமல், பொன்னை வழியாக மேல்பாடிக்கு வாருங்கள். எங்கள் பகுதியில் யாரும் நிறுத்திப் பார்க்காத ஊர் இதுதான், எனக்கு அது பெரிய ஆதங்கம். ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாகக் கட்டிய கோயில், அங்கே இருக்கிறது. 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' (ஆற்றூரில் இறந்த அரசர்) என்று கல்வெட்டு சொல்வது அந்த அரிஞ்சயனைத்தான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் தாத்தாவுக்காகக் கட்டிய கோயில் நம் வடாற்காட்டில், பொன்னையாறு என்கிற நீவா நதிக்கரையில், கூட்டமே இல்லாமல் நிற்கிறது. ஏறுவதற்குப் படிக்கட்டு மலை ஏதும் இல்லை, அம்மா நிதானமாகச் சுற்றி வரலாம். சாய்ந்த வெயில் சுவரில் விழும்போது எழுத்துகள் மேடும் பள்ளமுமாக நன்றாகத் தெரியும்.

பக்கத்திலேயே வள்ளிமலை. மேலே சமணச் சிற்பங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன. நீங்களும் மகளும் ஏறிப் பார்த்து வரும்வரை பெரியவர்கள் அடிவாரத்து முருகன் கோயிலில் உட்காரலாம். அங்கிருந்து சேர்க்காடு வழியாகக் காட்பாடி. எல்லாம் சமவெளிச் சாலை, நீங்களே தைரியமாக ஓட்டலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆந்திர எல்லை பக்கம்தான். மேப் குறுக்குவழி என்று சித்தூர் பக்கம் திருப்பினால் போகாதீர்கள். வாடகை வண்டிக்கு அந்த மாநிலத்துக்கு பர்மிட் இருக்கிறதா என்று தெரியாமல் எல்லை தாண்டக் கூடாது.

பாலாற்றங்கரை:
ஞாயிறு காலை வண்டி எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். எங்களுக்கு ஒரு வாடகைக் கடையில் பழைய கீறலுக்கு முன்பணத்தில் பிடித்துவிட்டார்கள், கையில் படம் இல்லாததால் பேச முடியவில்லை. வண்டியைச் சுற்றி ஒரே வீடியோவாக எடுங்கள்: நாலு பக்கம், நாலு சக்கரம், முன் பம்பரின் அடிப்பகுதி, ஸ்டெப்னி, ஜாக்கி, மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் முள். எடுத்ததும் அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள், தேதியும் நேரமும் பதிவாகிவிடும். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் டோலில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

காந்திநகர்வாசி:
எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். சனிக்கிழமை டாக்ஸியில் விரிஞ்சிபுரம், காவலூர். ஞாயிற்றுக்கிழமை கருப்புப் பலகைக் காரில் சோளிங்கர், மேல்பாடி, வள்ளிமலை. ஏலகிரி தனியாக, ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி. மனைவிக்கும் அதுவே பிடித்திருக்கிறது. தெரிந்தவரிடம் வண்டி வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நாங்கள் போகிற அன்றைக்கு ரோப் கார் பராமரிப்புக்கு நின்றிருந்தால் அம்மாவுக்கு என்ன செய்வது?

நீவாநதி:
சனிக்கிழமை காலையிலேயே கோயில் அலுவலகத்துக்கு போன் செய்து கேட்டுவிடுங்கள், காவலூர் போகிற அவசரத்தில் மறந்துவிட வேண்டாம். நின்றிருந்தாலும் பயணத்தை மாற்றத் தேவையில்லை. உற்சவர் பக்தவத்சலப் பெருமாள் இருப்பது ஊருக்குள் உள்ள கோயிலில்தான், படியேறாமல் சேவிக்கலாம். அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள், மேலே நீங்களும் அப்பாவும் மாறி மாறி ஏறி வாருங்கள்.