97 சதவீத ஆதரவு கிடைத்தும் புவேர்ட்டோ ரிக்கோ ஏன் மாநிலமாகவில்லை?

கயல்விழி:
அமெரிக்க ஆட்சியின் கீழ் உள்ள கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் 2017 ஜூன் 11 அன்று நடந்த வாக்கெடுப்பில், அமெரிக்காவின் மாநிலமாக வேண்டும் என்று 97 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஆகவில்லை. வந்தவர்கள் 23 சதவீதம்தானே என்கிறார்கள். வீட்டில் இருந்துவிட்டவர்களுக்காக, வந்து போட்டவர்களின் ஓட்டை ஒதுக்குவது நியாயமா?

முரளி:
சட்டப்படி பார்த்தால், புது மாநிலத்தைச் சேர்ப்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் அதிகாரம். நூறு சதவீதம் பேர் வந்திருந்தாலும் முடிவு அங்கேதான்.

சேதுராமன்:
முரளி சொல்வது சரி. ஆனால் கயல்விழி கேட்பது நியாயத்தைப் பற்றி. அந்த ஆண்டு நான் அந்தத் தீவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். மறுநாள் திங்கட்கிழமை எங்கள் ஷிப்டில் பன்னிரண்டு பேரில் ஓட்டுப் போட்டதாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். என் பக்கத்து மேசை அக்கா போகவே இல்லை. அவர் வீட்டுக் கூடத்தில் முன்னாள் ஆளுநர் முன்யோஸ் மரினின் படம் இன்னும் தொங்குகிறது. மாநிலமும் இல்லை, தனி நாடும் இல்லை என்ற இப்போதுள்ள ஏற்பாடே தொடரட்டும் என்ற கட்சி அவருடையது. "போய்ப் போட்டால் அந்த வாக்குச்சீட்டை நான் ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும்" என்றார். அந்தக் கட்சியும் சுதந்திரம் கேட்கும் கட்சியும் சேர்ந்தே புறக்கணித்திருந்தன.

அதனால் சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். 2012 வாக்கெடுப்பில் மாநிலத்துக்கு விழுந்தவை 8 லட்சத்து 34 ஆயிரம் ஓட்டுகள், அதாவது 61 சதவீதம். 2017இல் 5 லட்சம் சொச்சம். மூன்று லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, சதவீதமோ 97க்கு ஏறியிருக்கிறது! 2012இன் 61கூட, எந்த ஏற்பாடு வேண்டும் என்ற கேள்வியை வெற்றாக விட்ட கிட்டத்தட்ட 5 லட்சம் சீட்டுகளைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு.

அதற்காக வராத 77 சதவீதம் பேரையும் எதிர்ப்பாளர்கள் என்று எழுதுவதும் தப்பு. 2016 பொதுத் தேர்தலுக்கே 55 சதவீதம்தான் வந்தார்கள். வேலை தேடி ஃபுளோரிடா பக்கம் போனவர்கள் எத்தனையோ பேர்.

எனக்கு ஆற்றாமை இதுதான். 1917லிருந்து குடியுரிமை உள்ள மக்கள் இவர்கள். தீவில் குடியிருக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது. எல்லாத் தரப்பும் வந்து நிற்கிற மாதிரி ஒரு கேள்வியை அவர்கள் முன்னால் வைத்திருக்க வேண்டும்.

கயல்விழி:
அண்ணா, அப்படி ஒரு கேள்வி வைக்கவே இல்லையா?

சேதுராமன்:
2020 நவம்பரில் வைத்தார்கள் அம்மா. பொதுத் தேர்தலோடு சேர்த்து, மாநிலமாக வேண்டுமா, ஆம் அல்லது இல்லை என்று ஒரே கேள்வி. 52.5 சதவீதம் "ஆம்". அந்த அக்கா இந்த முறை போய் "இல்லை" என்று போட்டார். முடிவு வந்த வாரம் போனில் பேசினேன். தோற்றது வருத்தம்தான் அவருக்கு, ஆனால் அந்த எண்ணைப் பொய் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.