மூளை நீரழுத்தம் உள்ள பெண்ணுக்குப் பருவுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாமா?

கேள்வி:
என் மகளுக்கு 19 வயது. போன வருஷம் தலைவலியும் கண் மங்கலுமாக இருந்தாள். ஸ்கேன் எடுத்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்து, மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடியிருக்கிறது, ஐ.ஐ.ஹெச். என்றார்கள். அந்த அழுத்தத்தைக் குறைக்க டயமாக்ஸ் மாத்திரை ஓடுகிறது. இப்போது தாடை ஓரமெல்லாம் சீழ்ப்பரு. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டுதான் காலேஜுக்குப் போகிறாள். தோல் டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதியிருக்கிறார். சீட்டு கையில் இருக்கிறது, இன்னும் வாங்கவில்லை. கொடுக்கலாமா?

பதில் 1:
வாங்காதீங்கம்மா. முதலில் நரம்பியல் டாக்டரிடம் சீட்டைக் காட்டுங்கள். எனக்கும் இதே நோய்தான், பருவுக்கு மினோசைக்ளின் சாப்பிட்டு வந்த சமயத்தில்தான் ஆரம்பித்தது. குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் சில நொடி கண் இருண்டுவிடும். ராத்திரி படுத்தால் காதுக்குள் நாடி அடிக்கிற சத்தம் 'உஸ் உஸ்' என்று கேட்கும். டாக்ஸிசைக்ளினும் மினோசைக்ளினும் டெட்ராசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் வகை. இந்த வகையே சிலருக்கு மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றும். பார்வை நரம்பு வீங்கிவிட்டால், போன பார்வை முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது. பரு காத்திருக்கும், கண் காத்திருக்காது.

பதில் 2:
மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: இதை மாற்றச் சொன்னால் அடுத்து ஐசோட்ரெட்டினாயின் எழுத வாய்ப்புண்டு. அது வைட்டமின் ஏ வகை, அதுவும் இதே அழுத்தத்தைக் கொண்டுவரலாம். டெட்ராசைக்ளினோடு சேர்த்து யாருக்குமே கொடுக்கக் கூடாது. முடி, சருமம் என்று விற்கிற வைட்டமின் ஏ மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பூசுகிற மருந்து நிறைய இருக்கிறது: பென்சாயில் பெராக்சைடு, கிளிண்டமைசின் ஜெல், அசெலாயிக் ஆசிட். பெராக்சைடு துணியை வெளுக்கவைக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு துப்பட்டா சுற்றச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. தோல் டாக்டர் வேறு நோய் உண்டா என்று கேட்கவே இல்லை. இனி டிஸ்சார்ஜ் சம்மரியை எல்லா இடத்துக்கும் எடுத்துப் போகிறேன். இப்போது தலைவலி இல்லையே, கண்ணைப் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில் 1:
கட்டாயம். தலைவலியே இல்லாமலும் பார்வை நரம்பு வீங்கும். கண்ணில் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், பார்வைப் பரப்பு டெஸ்ட்டும் எடுங்கள். டயமாக்ஸை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.