இத்தனை இனம் சேர்ந்த ஆஸ்திரேலியா எப்படி ஒரே நாடாக நிற்கிறது?

அஸ்தம்பட்டிக்காரன்: மெல்போர்னில் இருந்து சேலம் வந்த அக்கா மகன், "நான் ஆஸ்திரேலியன், தமிழனும்தான் மாமா" என்றான். எப்படி இரண்டும் ஒத்துப்போகிறது?

மேட்டூர் வாசகி: சும்மா வரவில்லை தம்பி. 1901-இல் சட்டம் போட்டு, ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொல் எழுதச் சொல்லி, வெள்ளையரல்லாதவரைத் திருப்பி அனுப்பிய நாடு அது. 1973-இல்தான் அந்தப் பாகுபாடு முழுசாக ஒழிந்தது.

ஏற்காட்டுக்காரி: பூர்வகுடிகளை விட்டுவிட்டீர்களே! நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அவர்களுக்கென ஓர் அமைப்பு கேட்ட 2023 வாக்கெடுப்பு தோற்றது. முதலில் இருந்தவரை ஒதுக்கிவிட்டு ஒற்றுமை பேசுவது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் மலையிலும் வெள்ளைக்காரர் காபித் தோட்டம் போடுமுன்பே மலையாளி என்ற பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் மக்கள்) இருந்தார்கள். மே மாதத் திருவிழாவில் சேர்வராயன் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிடும் என் பாட்டியும் அவர்களில் ஒருத்தி.

அஸ்தம்பட்டிக்காரன்: சரிங்க அக்கா, பள்ளியில் இதையெல்லாம் சொல்லித் தருகிறார்களா என்று அவனிடம் இன்றே கேட்கிறேன்.